பன்னிரண்டு திருமேனிகள், ஒரு சென்சார்

நார்த்தாமலையில் மேலமலைச் சரிவில், விஜயாலய சோழீச்சுரம் என்ற சிவன் கோயிலுக்கு எதிரே, சமணர் குடகு என்று அழைக்கப்படும் குடைவரை இருக்கிறது. பெயரில்தான் சமணம். உள்ளே மண்டபச் சுவர்களில் நிற்பவர் திருமால். அதுவும் ஒருவரல்லர், பன்னிரண்டு பேர். ஏறத்தாழ ஆளுயரம், ஒரே நிலை, ஒரே ஆயுதங்கள், ஒரே தாமரைப் பீடம். கலை வரலாற்றுக்காரர்கள் இந்த ஒற்றுமைக்குக் காரணம் தேடுவார்கள். என் அக்கறை வேறு. கேமராவைச் சோதிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் செய்து தர முடியாது.

ஆய்வகங்களில் ஒரே அட்டையை வெவ்வேறு வெளிச்சத்தில் மாட்டிவைத்துப் படமெடுப்பார்கள். பொருள் மாறாமல் ஒளி மட்டும் மாறினால்தான் கேமரா எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். இங்கே அந்த வேலையை உளியோடு வந்தவர்கள் முன்பே முடித்துவிட்டார்கள். வாயிலை ஒட்டிய திருமாலுக்கு வெளிவெயிலின் எதிரொளி கிடைக்கிறது. உள்ளே தள்ளிப் போகப் போக ஒளி குறைகிறது. அதே கிரீடம், அதே மடிப்பு, அதே விரல்கள். ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் இருட்டில்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது இந்த மலைக்கூட்டம். கையில் நடுத்தர வகை டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களும், ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் ஒரு நாளை இங்கே செலவழித்தால், விளம்பரத் தாள் சொல்லாத பலவற்றைக் கேமராவே சொல்லும். நடுத்தர வகை என்று நான் சொல்வது நிக்கான் டி7200, கேனான் 80டி போன்றவற்றை. முன்னது 2015 மார்ச்சில் வந்தது, பின்னது 2016 பிப்ரவரியில். இரண்டும் 24.2 மெகாபிக்சல். தொடக்கநிலைக் கேமராவை விடக் கனமானவை, தொழில்முறைக் கேமராவை விடச் சின்ன சென்சார் உள்ளவை. ஆர்வத்தோடு படமெடுக்கிறவர்கள், அதை வைத்துப் பிழைக்காதவர்கள், ஆனால் விடிகாலையில் எழுந்து பேருந்து பிடிக்கத் தயங்காதவர்கள்: இவர்களுக்கென்றே செய்யப்பட்டவை.

முதலில் ஒளியின் கணக்கு. வெயில் நேரடியாக விழும் பாறையை ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 16 என்று வைத்தால், நொடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே மேலோ கீழோ ஷட்டர் திறந்தால் போதும். குடைவரையின் உள்மூலையில் அதே ஐஎஸ்ஓவில் அபர்ச்சரை எஃப் 4 வரை திறந்தும் அரை நொடி தேவைப்படலாம். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பத்து ஸ்டாப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டாப்பும் இருமடங்கு என்பதால், பத்து ஸ்டாப் என்றால் 1,024 மடங்கு. வாயிலுக்கு வெளியே பளபளக்கும் பாறையும் உள்ளே கடைசித் திருமாலின் இடுப்பு மடிப்பு நிழலும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் இன்னும் இரண்டு மூன்று ஸ்டாப் கூட்டிக்கொள்ள வேண்டும். நம் கண்ணுக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை. அது ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வெளியே பார்க்கும்போது தன்னைச் சுருக்கிக்கொண்டு, உள்ளே திரும்பியதும் விரித்துக்கொண்டு, நினைவில் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரே திறப்பில் அள்ளியதுதான் அதற்குக் கிடைக்கும்.

அந்த ஒரே திறப்பில் எவ்வளவு பிரகாசம் முதல் எவ்வளவு இருட்டு வரை தாங்கும் என்பதுதான் டைனமிக் ரேஞ்ச். அதை நிர்ணயிப்பவை இரண்டு எல்லைகள். மேலெல்லை, ஒவ்வொரு பிக்சலும் எத்தனை எலெக்ட்ரான்களைச் சேர்த்துவைக்க முடியும் என்பது. அதற்கு மேல் ஒளி விழுந்தால் வெறும் வெள்ளை. கீழெல்லை, சேர்ந்த எலெக்ட்ரான்களை எண்ணும்போது மின்சுற்றே சேர்க்கும் பிழை. இது ‘ரீட் நாய்ஸ்’. இந்த இரண்டுக்கும் நடுவே கேமராவின் குற்றமே இல்லாத மூன்றாவது சங்கதி ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் எந்தக் கேமராவையும் நியாயமாக மதிப்பிட முடியாது.

தூறல் தொடங்கும்போது முற்றத்தில் ஒரே அளவில் இரண்டு தட்டுகளை வைத்தால், இரண்டிலும் விழுந்த துளிகள் சமமாக இருக்காது. மழை பாரபட்சம் பார்ப்பதில்லை, ஆனால் கணக்கு பார்த்தும் விழுவதில்லை. ஒளியும் அப்படித்தான் வருகிறது. சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய பிக்சலில் ஒருமுறை 92 விழும், ஒருமுறை 109 விழும். ஏற்ற இறக்கம் சராசரியின் வர்க்கமூலம்: 100-க்கு 10, 10,000-க்கு 100. அதாவது குறைந்த ஒளியில் பத்து சதவீதம் ஆட்டம், நிறைந்த ஒளியில் ஒரே சதவீதம். நிழலில் தெரியும் மணல்மணலான புள்ளிகளில், அதாவது ‘நாய்ஸ்’ என்பதில், பெரும்பங்கு இந்த ஆட்டம்தான். சென்சார் எவ்வளவு உயர்ந்ததானாலும் ஒளியின் இந்தக் குணத்தை மாற்ற முடியாது. அதிக ஒளியைச் சேர்ப்பது ஒன்றே வழி: அதிக நேரம் திறந்து, அல்லது பெரிய அபர்ச்சர் வைத்து, அல்லது பெரிய சென்சார் வைத்து.

குடைவரைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். வெயில் படும் பாறையைப் பதியும் பிக்சலில் 32,000 எலெக்ட்ரான்கள் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். பத்து ஸ்டாப் கீழே இருக்கும் திருமாலின் பிக்சலில் சேர்வது 31. அதன் இயல்பான ஆட்டமே ஐந்தரைக்கு மேல். இதோடு மின்சுற்று இரண்டு மூன்று எலெக்ட்ரான் பிழையைச் சேர்த்தால் பெரிய சேதமில்லை. உருவம் தெரியும், சற்றே மணல் தூவியதுபோல் இருக்கும். மின்சுற்றே பன்னிரண்டு பதின்மூன்று எலெக்ட்ரான் பிழையைச் சேர்த்தால் முகம் போய்விடும். இந்த வித்தியாசம் கற்பனையல்ல. கேனானின் 70டி, 2013-இல் வந்தது. 80டி மூன்றாண்டு பின்னால் வந்தது. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. டிஎக்ஸ்ஓமார்க் ஆய்வகத்தின் அளவீட்டில் அடிப்படை ஐஎஸ்ஓவில் முன்னதன் டைனமிக் ரேஞ்ச் 11.6 ஸ்டாப், பின்னது 13.2. காரணம், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று முன்பு சென்சாருக்கு வெளியே இருந்தது. 80டியில் சென்சார் சில்லுக்குள்ளேயே வந்துவிட்டது. சமிக்ஞை பயணம் செய்யும் தூரம் குறைந்தது, வழியில் தொற்றிக்கொள்ளும் பிழையும் குறைந்தது. அதே ஆய்வகம் டி7200-க்குக் கொடுத்த எண் 14.6.

இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இவை முழு அளவுப் படத்தை 8 மெகாபிக்சலாகச் சுருக்கிய பிறகு கணக்கிட்டவை. சுருக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் ஆட்டம் ஒன்றையொன்று சமன் செய்வதால் முக்கால் ஸ்டாப் போலக் கூடுதலாகக் கிடைக்கும். தவிர, கீழெல்லை என்று அவர்கள் வைப்பது சமிக்ஞையும் பிழையும் சமமாகும் புள்ளி. அந்தப் புள்ளியில் இருக்கும் நிழலை எந்த மனிதரும் படம் என்று ஏற்கமாட்டார். நடைமுறையில் மேலே சொன்ன ஒவ்வோர் எண்ணிலிருந்தும் நான்கைக் கழித்துக்கொண்டால் சுவரில் மாட்டத் தகுந்த அளவு கிடைக்கும் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு கேமராக்களை ஒப்பிட அந்த எண்கள் உதவும், ஏனென்றால் இரண்டையும் ஒரே கோலால் அளந்திருக்கிறார்கள்.

எண் தேவையில்லை, நீங்களே பார்க்கலாம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்கு முன்அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் தோள்பையைத் தரையில் போட்டு அதன்மேல் கேமராவைச் சாய்த்து வையுங்கள். டைமர் வைத்து, ‘ரா’ வடிவத்தில், உள்ளே நிற்கும் ஒரு திருமாலை ஐஎஸ்ஓ 3200-இல் சரியான வெளிச்சம் வரும்படி எடுங்கள். அபர்ச்சர், ஷட்டர் எதையும் தொடாமல் ஐஎஸ்ஓவை மட்டும் 100-க்கு இறக்கி இன்னொன்று எடுங்கள். இரண்டாவது ஏறக்குறையக் கறுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து கணினியில் அதை ஐந்து ஸ்டாப் தூக்குங்கள். டி7200 போன்றவற்றில் இரண்டு படத்துக்கும் வேற்றுமை கண்டுபிடிப்பது சிரமம். பழைய வகைச் சென்சார் என்றால் தூக்கிய படத்தில் ஊதா கலந்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். முதல் வகைக் கேமராவில், வெளியே இருக்கும் வெயில் வெளுத்துப் போகாமல் அளவு வைத்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் இருட்டைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். இரண்டாவது வகையில் வெயிலா நிழலா என்று அங்கேயே முடிவு செய்தாக வேண்டும்.

இந்தத் தர்மசங்கடம் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதல்ல. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் புதுக்கோட்டையைப் படமெடுத்துத் தொகுப்பாக வெளியிட்டார். அவரிடம் இருந்தது மெழுகேற்றிய காகித நெகட்டிவ். அது நீல ஒளிக்கு மட்டும் மிகுந்த உணர்ச்சி காட்டும். கல் சரியாகப் பதிவதற்குள் வானம் முழுக்க வெந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். ட்ரைப் என்ன செய்தார்? நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமான அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, 19 அடி நீளப் படமாக ஒட்டியவரும் அவரே. பனோரமா, மேகம் சேர்ப்பது, நிழலைத் தூக்குவது எல்லாம் ஃபோட்டோஷாப் கொண்டுவந்த ஏமாற்று வேலை என்று குறைபடுகிறவர்களுக்கு இவரை நினைவூட்டுவது என் வழக்கம்.

சென்சாரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒரு குண்டைப் போடுகிறேன். குடைவரைக்குள் நின்று வாயிலையும் சேர்த்துப் படமெடுத்தால், பெரும்பாலும் முதலில் தோற்பது சென்சார் அல்ல, லென்ஸ். வாயில் வழியே வரும் ஒளியின் சிறு பங்கு லென்ஸின் கண்ணாடிகளுக்கிடையே முன்னும் பின்னும் பட்டுத் தெறித்து, படம் முழுவதும் மெல்லிய பனித்திரையாகப் பரவும். வெளியே இருப்பது 1,000 மடங்கு பிரகாசம் என்னும்போது, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிதறினாலே நிழலின் சொந்த ஒளிக்குச் சமமாகிவிடும். 14 ஸ்டாப் சென்சாரை வாங்கி, கேமராவோடு இலவசம்போல் வரும் ஜூம் லென்ஸை மாட்டி, அதன்மேல் மலிவான ஃபில்டரையும் திருகி, முன்கண்ணாடியில் விரல்ரேகையையும் விட்டுவைத்தால், அந்த 14-இல் எத்தனை மிஞ்சும்? அதே கேமராவில் குறைந்த கண்ணாடிகள் கொண்ட 35 அல்லது 50 மில்லிமீட்டர் ஒற்றைக் குவிய லென்ஸைப் போட்டு அதே இடத்தில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு கறுப்பாக இருக்கும். அந்தச் செலவுக்கு இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறெதிலும் கிடைக்காது.

வெளியே வந்தால் அடுத்த சோதனை காலடியிலேயே இருக்கிறது. படத்தின் நுணுக்கத்தை அளக்கக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரைந்த அட்டையைத்தான் முன்பு பயன்படுத்தினார்கள். அது லென்ஸை அளக்கும், ஆனால் கேமராவுக்குள் ஓடும் நாய்ஸ் குறைப்பு மென்பொருளை அளக்காது. அந்த மென்பொருள் தெளிவான கோட்டைக் கண்டால் அதைக் காப்பாற்றிவிட்டு, மங்கலான, ஒழுங்கற்ற நுண்விவரத்தைத்தான் நாய்ஸ் என்று நினைத்துத் துடைத்துவிடும். அதனால் இப்போது உதிர்ந்த இலைகள் குவிந்ததுபோல வட்டங்களைத் தாறுமாறாக அடுக்கிய அட்டையை வைத்து அளக்கிறார்கள். கிரானைட் பாறை இயற்கையே செய்த அந்த அட்டை. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா மணிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. டி7200-இன் சென்சார் அகலம் 23.5 மில்லிமீட்டர், அதில் 6,000 பிக்சல். ஒவ்வொன்றும் நான்கு மைக்ரானுக்குச் சற்றே குறைவு. 50 மில்லிமீட்டர் லென்ஸோடு பத்து மீட்டர் தூரத்தில் நின்றால் பாறையில் ஒரு பிக்சல் மூடும் இடம் 0.8 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் மணி இரண்டரைப் பிக்சலில் விழும், கண்ணுக்குத் தெரியும். 50 மீட்டர் தள்ளிப் போனால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மணிகள் கரைந்து சாம்பல் நிறமாகிவிடும். ஆகவே பத்து மீட்டரில் நின்று ஐஎஸ்ஓ 100 முதல் 6400 வரை ஒவ்வொரு படியாக, ஜேபெக், ரா இரண்டிலும் எடுங்கள். ஜேபெக்கில் எந்தப் படியில் பாறை சிமெண்ட் பூசிய சுவராகிறதோ, அதுதான் உங்கள் கேமராவின் உண்மையான ஐஎஸ்ஓ எல்லை. பெட்டியில் 25,600 என்று அச்சிட்டிருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஃபோனில் இரவு மோடில் குடைவரையை எடுத்துப் பார்த்தவர்கள், அட, இதுவே போதுமே என்று சொல்வார்கள். ஃபோன் பல படங்களை அடுக்கி நாய்ஸைச் சமன் செய்கிறது, அசையாத கல்லுக்கு அது நல்ல தந்திரம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பெரிதாக்கி உளித்தடத்தைத் தேடினால் களிம்பு தடவியதுபோல் இருக்கும்.

மலைக்காட்சி எடுப்பவர்கள் ஆழம் வேண்டுமென்று அபர்ச்சரை எஃப் 16, எஃப் 22 என்று மூடிவிடுகிறார்கள். சின்னத் துளைக்குள் நுழையும் ஒளி அலை விரிந்து பரவும். ஒரு புள்ளி புள்ளியாக விழாமல் வட்டமாக விழும். எஃப் 8-இல் அந்த வட்டத்தின் விட்டம் 11 மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவு. எஃப் 16-இல் 21 மைக்ரானுக்கு மேல், அதாவது ஐந்து பிக்சலுக்கும் அதிகம். எந்த நிறுவனத்தின் எவ்வளவு விலையுள்ள லென்ஸானாலும் இதே கணக்குதான். இந்த அளவுச் சென்சாரில் எஃப் 5.6-க்கும் எஃப் 8-க்கும் நடுவே நின்றால் பாறை பாறையாக வரும்.

இனி விலையைப் பற்றி. டி7200 வந்த அதே ஆண்டின் தொடக்கத்தில் நிக்கான் டி5500 என்ற தொடக்கநிலைக் கேமராவும் வந்தது. அதிலும் 24.2 மெகாபிக்சல், அதே அளவுச் சென்சார், அதே ஆய்வகக் கணக்கில் டைனமிக் ரேஞ்ச் 14. டி7200-ஐ விட அரை ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாகக் குறைவு. நிதானமாக எடுத்த இரண்டு படங்களை அச்சிட்டு மேசையில் வைத்தால், எது எதில் எடுத்தது என்று சொல்ல ஆளில்லை. அப்படியானால் நடுத்தர வகைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எங்கே போகிறது? படத்துக்குப் போகவில்லை. எடுக்கிறவரின் கண்ணுக்கும் கைக்கும் போகிறது. இதை வெளிப்படையாகச் சொல்லும் விளம்பரத்தை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் மெகாபிக்சலை விற்பது சுலபம்.

கண்ணிலிருந்து தொடங்கலாம். தொடக்கநிலைக் கேமராவின் வியூஃபைண்டரில் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிச் செய்த கூடு இருக்கும். டி5500-இல் படத்தின் 95 சதவீதம்தான் அதில் தெரியும். டி7200-இல் முழுக் கண்ணாடியில் பட்டை தீட்டிய ஐமுகப் பட்டகம், 100 சதவீதமும் தெரியும், பெரிதாகவும் வெளிச்சமாகவும் தெரியும். விஜயாலய சோழீச்சுரத்தின் கருவறை வட்டமானது, அதைச் சதுரச் சுவர் சூழ்ந்திருக்கிறது, நடுவே ஒடுங்கிய இருட்டுச் சுற்று. அங்கே மங்கலான வியூஃபைண்டரில் எது சுவர் எது வெறுமை என்றே புரியாது. அர்த்தமண்டபச் சுவரில் மங்கிப்போன ஓவியங்கள் உள்ளன, ஃபிளாஷ் கூடாது. ஆட்டோஃபோகஸும் இங்கேதான் சோதனைக்குள்ளாகும். டி5500-இன் ஃபோகஸ் அமைப்பு -1 ஈவி (ஒளியின் அளவு, ஓர் ஈவி என்பது ஒரு ஸ்டாப்) வரை வேலை செய்யும், டி7200-இனுடையது -3 ஈவி வரை. இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்கு ஒளி போதும். ஒன்று முன்னும் பின்னும் உறுமிக்கொண்டு தேடும் இடத்தில் மற்றது ‘டிக்’ என்று நின்றுவிடும்.

டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் செய்யும் விதத்தில் ஒரு பிறவிக்குறை உண்டு. லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடும். பின்னால் ஒட்டியிருக்கும் குட்டிக் கண்ணாடி அதைக் கேமராவின் அடியில் உள்ள தனிச் சென்சாருக்குத் திருப்பும். அங்கே லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வந்த பிம்பங்களின் இடைவெளியை அளந்து, எவ்வளவு தூரம் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று ஒரே கணக்கில் சொல்லிவிடும். வேகத்தின் ரகசியம் அது. ஆனால் அளக்கும் இடமும் படம் விழும் இடமும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையே மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், கேமரா ‘சரி’ என்று சொல்லும், படம் மங்கலாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பழியிலி ஈச்சுரத்துக்குப் போங்கள். அருகிலேயே உள்ள சிறிய சிவன் குடைவரை. சாத்தன் பழியிலி குடைவித்தது, அவர் மகள் முன்மண்டபம் கட்டியது என்ற செய்தி அங்குள்ள, பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலக் கல்வெட்டில் இருக்கிறது. அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் எழுத்து வரிசைக்குச் சாய்கோணத்தில் நின்று, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, நடுவே ஓர் எழுத்தைக் குறிவைத்து எடுங்கள். குறிவைத்த எழுத்து கூர்மையாக இருக்கிறதா, அதற்கு முன்னால் உள்ளதா, பின்னால் உள்ளதா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு லைவ் வியூவில், அதாவது படச் சென்சாரே ஃபோகஸ் பார்க்கும்படி, அதையே மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். பிசகு தெரிந்தால் டி7200, 80டி இரண்டிலும் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகத் திருத்தம் கொடுக்கும் வசதி இருக்கிறது. டி5500-இல் இல்லை. கேனான் 60டியிலும் அதை எடுத்துவிட்டார்கள், 70டியில் திருப்பிக் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த வசதி ஒன்றுக்காகவே நடுத்தர வகையை வாங்கலாம். கூடவே டி7200-இன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் பழைய, மலிவான, நல்ல லென்ஸ்கள் பலவும் அதில் தானாக ஃபோகஸ் ஆகும்.

அசையும் பொருளுக்கு மலை உதவாது. பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு வாருங்கள். காவடி, கூட்டம், இரவு விளக்கு, ஓடும் குழந்தைகள். டி7200-இன் 51 ஃபோகஸ் புள்ளிகள், நொடிக்கு 6 படம் என்பவை எதற்கென்று அங்கே தெரியும். பட்டுச்சேலையில் வானவில் பட்டைகள் விழுகின்றனவா என்றும் பாருங்கள்: டி7200-இல் கூர்மைக்காகச் சென்சாரின் முன்னால் இருக்கும் மழுங்கடிக்கும் ஃபில்டரை நீக்கிவிட்டார்கள், அதனால் நெசவின் நுண்வரிசையும் பிக்சலின் வரிசையும் மோதினால் இல்லாத நிறங்கள் தோன்றும். 80டியில் ஃபில்டர் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு, கூர்மையும் ஒரு நூல் குறைவு.

வெயில் காலத்தில் நெடுநேர எக்ஸ்போஷர் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் சென்சாரில் எலெக்ட்ரான்கள் கசியும். ஆறேழு டிகிரி ஏறும்போதெல்லாம் கசிவு ஏறத்தாழ இருமடங்காகும். சித்திரை நண்பகலில் பாறைமேல் கேமராவைக் காயவைத்துவிட்டு உள்ளே போய் முப்பது நொடி எக்ஸ்போஷர் வைத்தால், சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் முளைக்கும். அதைக் கண்டு சென்சார் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். ஆறவைத்து மறுபடி எடுங்கள். எப்படியும் இரு குடைவரைகளும் கிழக்கு நோக்கியவை, காலையில்தான் ஒளி உள்ளே ஏறும். சோழீச்சுரம் மேற்கு நோக்கியது, அதற்குப் பிற்பகல். முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி கட்டியது மழையில் சிதைய, மல்லன் விதுமன் புதுப்பித்தான் என்று கல்வெட்டு சொல்லும் கோயில் அது. அதன் விமானத்தில் சாய்வெளிச்சம் விழும்போதுதான் அந்தக் கல்வேலை எழுந்து நிற்கும். நண்பகலைச் சாப்பாட்டுக்கும் நிழலுக்கும் விட்டுவிடலாம்.

கேமரா நிறுவனங்கள் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. 2020-இன் தொடக்கத்துக்குப் பிறகு நிக்கானோ கேனானோ புதிய டிஎஸ்எல்ஆர் வெளியிடவில்லை. ஃபோகஸை அளப்பதும் படத்தைப் பதிவதும் ஒரே சென்சார் என்பதால் மேலே சொன்ன பிறவிக்குறை மிரர்லெஸ்ஸில் இல்லை. அந்த மாற்றம் நியாயமானதுதான். ஆனால் ஒளியின் வர்க்கமூலக் கணக்கு மாறவில்லை, அதே அளவுச் சென்சாரில் சேரும் ஒளியும் மாறவில்லை. ஆகவே கல்யாணப் புகைப்படக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறி விற்றுவிட்டுப் போகும் டி7200, 80டி வகைகள் கற்றுக்கொள்பவருக்கு இன்றைக்கும் நல்ல சரக்கு. புதியதுதான் மேல் என்றும் நினைக்க வேண்டியதில்லை: டி7200-க்குப் பின் 2017-இல் வந்த டி7500-இல் மெகாபிக்சல் 20.9 ஆகக் குறைந்தது, இரண்டு மெமரி கார்டு இடம் ஒன்றானது, டைனமிக் ரேஞ்ச் எண் 14-க்கு இறங்கியது.

கல்யாணத்துக்கு ஓடிய கேமராவில் பார்க்க வேண்டியது ஷட்டர் எண்ணிக்கை. டி7200-இன் ஷட்டர் 1,50,000 முறை தாங்கும்படி சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் கிளிக் என்று வைத்தால் ஐம்பது முகூர்த்தத்தில் அந்த எண் வந்துவிடும். தாண்டினால் உடனே நின்றுவிடாது, ஆனால் விலை பேச அது நல்ல காரணம். பிறகு எஃப் 16-இல் வைத்து, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, துடைத்தால் போகும். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலைபோல் ஓடினால் அது பூஞ்சை, அந்த லென்ஸை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.